ஞாயிற்றுக்கிழமை எரியும் விளக்கு

எங்கள் வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆகாது. திங்கள் முதல் சனி வரை சொன்ன பேச்சைக் கேட்கும். மீன் வாங்கப் போகும், கரண்ட் பில் கட்டப் போகும், மாத்திரை வாங்கப் போகும். ஞாயிறு காலை பூசைக்குப் புறப்பட்டால் மட்டும் முகத்தில் ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு முறைக்கும். “ஞானஸ்நானம் எடுக்காத வண்டி, அதான்” என்றாள் என் மனைவி கிளாடிஸ். கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தேன். வண்டி பளபளத்தது. விளக்கும் கூடவே பளபளத்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அடக்கமாகவே. என் பெயர் ரோச். தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பலை இழுத்து வந்து கரையோரம் நிறுத்துகிற டக் படகில் முப்பத்தாறு வருடம் எஞ்சின் டிரைவர். இந்த உலகத்தில் மிதக்கிற கப்பல்களில் பாதியை நான்தான் கழுத்தைப் பிடித்து இழுத்திருக்கிறேன். மீதிப் பாதி தூத்துக்குடிக்கு வரவில்லை. அது அவற்றின் துரதிர்ஷ்டம். ஒருமுறை ஒரு நிலக்கரிக் கப்பல் வந்தது. அதன் மூக்கு எங்கள் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது வால் கொழும்பில் இருந்தது. வாலில் டீ குடித்துவிட்டு நடக்க ஆரம்பித்த கேப்டன் மூக்குக்கு வந்துசேர்ந்தபோது மத்தியானச் சோறு ஆறிவிட்டது. வேண்டுமானால் வாலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், சோறு ஆறியது நிஜம்.

இத்தனை கப்பலை இழுத்தவன் எங்கெல்லாம் போயிருப்பான் என்று நினைக்கிறீர்கள்? எங்கேயும் இல்லை. டக் துறைமுக வாயைத் தாண்டிப் போகாது. ஜப்பானுக்குப் போகிற கப்பலை வாய் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து, அதே இடத்தில் அதே கயிற்றில் கட்டிக்கொள்ளும். முப்பத்தாறு வருடம் ஊரையெல்லாம் வழியனுப்பிவிட்டு நான் வீட்டுக்கு வந்து ரசம் சாப்பிட்டேன். அதனால்தான் ஓய்வுபெற்ற மறுமாதமே பைக் வாங்கினேன். சிவப்பு நிறம், முந்நூற்றைம்பது சிசி. ஸ்டார்ட் செய்தால் ராமேஸ்வரத்தில் புறா பறக்கும்.

கிளாடிஸ் சும்மா சம்மதிக்கவில்லை. கல்யாணமான புதிதில் என்னிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. முதல் கல்யாண நாளன்று அவளைப் பின்னால் உட்காரவைத்து உப்பளங்களுக்கு நடுவே போகும் ரோட்டில் ஜோராகப் போனேன். உப்பு லாரி சிந்திவிட்டுப் போயிருந்த இடத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை ஒரே மிதி. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. மொபெட் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பட்டுச்சேலையோடு கிளாடிஸ் உப்புப் பாத்திக்குள். ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவாள்: “எல்லாரும் கல்யாண நாளைக்குப் பொண்டாட்டிக்கு நகை எடுத்துக் குடுப்பாங்க. இவரு என்னையக் கருவாடு போடப் பாத்தாரு.”

ஆகவே, ஷோரூமில் அந்தப் பெண் “ஏபிஎஸ் இருக்கு ஆன்ட்டி, எப்படிப் பிரேக் பிடிச்சாலும் சக்கரம் பூட்டாது” என்று சொன்ன பிறகுதான் கிளாடிஸ் வண்டியைத் திரும்பியே பார்த்தாள். அந்தப் பெண் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கையும் காட்டினாள். “சாவி போட்டதும் இது எரியும். வண்டி நகர்ந்ததும் அணைஞ்சிடும். அணையலைன்னா ஏபிஎஸ் வேலை செய்யலைன்னு அர்த்தம்.”

இந்த மூன்று வாக்கியத்தையும் கிளாடிஸ் விசுவாசப் பிரமாணம்போல மனப்பாடம் செய்துகொண்டாள். வாசலிலேயே நிபந்தனை போட்டாள்: “அந்த லைட்டு அணையலன்னா நான் ஏற மாட்டேன். பாத்துக்கிடும்.”

இரண்டு மாதம் ராஜபோகமாக ஓடியது. ஞாயிறு காலை பூசை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே கிளம்பிவிடுவோம். ஆத்தூரில் வெற்றிலை, மணப்பாட்டில் அலை, ஆழ்வார்திருநகரியில் காப்பி. தூத்துக்குடியில் இல்லாத காப்பியா என்று கேட்காதீர்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல் போய்க் குடிக்கிற காப்பிக்குச் சர்க்கரையே வேண்டாம். கிளாடிஸ் பின்னால் உட்கார்ந்து கதை பேசுவாள். கண் மட்டும் என் தோளுக்கு மேலாக மீட்டரில் இருக்கும்.

மூன்றாம் மாதம் நான் ஸ்டாண்டு செய்தேன்.

டக்கில் எங்களுக்கு ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கப்பல் வேலை இல்லாவிட்டாலும், கரையில் கயிறு கட்டியபடியே எஞ்சினை ஓட்டி, புரொப்பல்லரைப் பத்து நிமிடம் சுழலவிட்டு நிறுத்துவோம். உப்புக்காற்று இருக்கிறதே, அது சும்மா நிற்கிற இரும்பை முறுக்கு மாதிரிக் கடித்துத் தின்றுவிடும். ஓய்வு கொடுத்தால் வேலை போகும், வழக்கம் போகுமா? வண்டியை நியூட்ரலில் வைத்து உறுமவிட்டுப் பார்த்தேன். திருப்தி இல்லை. சுழல வேண்டியது சுழலவில்லையே! துறைமுக ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து நாலு விரல் தூக்கி நிறுத்துகிற மாதிரி இரும்பு ஸ்டாண்டு ஒன்று அடித்தேன். அதன்மேல் யானையை நிறுத்தலாம். குட்டியோடு நிறுத்தலாம்.

ஞாயிறு ஆறரை மணிக்கு கிளாடிஸ் கறிக்கடை வரிசையில் நிற்பாள். அந்த வேலையை என்னிடம் விடமாட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் எலும்பாக அள்ளிப் போட்டுவிடுகிறார்களாம். அந்த நேரத்தில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கியர் போட்டு, பின் சக்கரத்தைச் சரியாகப் பத்து நிமிடம் சுழலவிட்டு, துடைத்து, இறக்கி வைப்பேன். துறைமுகத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்டாண்டு வந்த முதல் ஞாயிறு. கிளாடிஸ் கறியைக் கழுவி வைத்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு வந்து ஏறினாள். சாவி போட்டேன். விளக்கு எரிந்தது. அது முறைதான். வண்டி நகர்ந்தது. விளக்கு அணையவில்லை. நாலு வீடு தாண்டியும் அணையவில்லை.

“நிறுத்தும்” என்றாள் கிளாடிஸ்.

“ஏளா, இத்தினிக்கூண்டு லைட்டு...”

“நிறுத்தும்ங்கேன்.”

இறங்கி, ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். நான் அந்த ஆட்டோவுக்குப் பின்னால் கோயில் வரை மந்திரிக்குப் பாதுகாப்பு போகிற மாதிரி வண்டியில் போனேன். அன்றைக்கு ஆழ்வார்திருநகரிக் காப்பி இல்லை.

மறுநாள் மாப்பிள்ளையூரணியில் ஜெஸ்லின் பட்டறைக்குப் போனேன். ஜெஸ்லின் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வீட்டுப் பெண். டிப்ளமா படித்துவிட்டுத் தனியாகப் பட்டறை வைத்திருக்கிறாள். எஞ்சின் இருமினால் எந்த ஊர் பெட்ரோல் குடித்தது என்று சொல்லிவிடுவாள். பேச்சில் அரம் வைத்திருப்பாள்.

சீட்டைக் கழற்றி, உள்ளே ஒரு வயரில் தன் ஸ்கேனரை மாட்டினாள். சின்னத் திரையில் எழுத்து ஓடியது.

“மாமா, முன் சக்கரத்துல இருந்து வேகம் வரலைங்குது.”

“அப்படின்னா?”

“ரெண்டு சக்கரத்துலயும் பல்லு வச்ச ஒரு வளையம் இருக்கு, பாருங்க. பக்கத்துல சென்சார். எத்தன பல்லு தாண்டுதுன்னு அது எண்ணிக்கிட்டே இருக்கும். ரெண்டு சக்கரத்துக் கணக்கையும் ஒப்பிட்டுப் பாத்துதான் வண்டி வேல செய்யுது. பிரேக் அடிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் டக்குன்னு நின்னா, ‘ஆகா, பூட்டிக்கிச்சு’ன்னு பிரேக்க விட்டு விட்டுப் பிடிக்கும். ஒரு சென்சார் எண்ணலன்னா, அதுக்குக் கணக்கு தெரியாது. லைட்டப் போட்டுட்டு ஒதுங்கிடும்.” நிமிர்ந்து பார்த்தாள். “நேத்து காலையில வண்டிய என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணுமே செய்யல. நின்ன இடத்துல நின்னுச்சு.”

மனசாட்சிப்படிதான் சொன்னேன்.

சென்சாரின் முனையில் உப்பு பூத்திருந்தது. ஜெஸ்லின் துடைத்துச் சுத்தம் செய்து, ஸ்கேனரில் பதிந்திருந்த ‘கோடு’ என்கிற பிழைக் குறியை அழித்தாள். சாவி போட்டேன். மஞ்சள் விளக்கு பல்லைக் காட்டியது.

“எரியுதே!”

“எரியத்தான் செய்யும். கோட அழிச்சாச்சு. ஆனா ரெண்டு சக்கரமும் உருண்டு, ரெண்டும் ஒரே கணக்கச் சொன்னாத்தான் அது நம்பும். பத்து கிலோமீட்டர் வேகத்தத் தாண்டுங்க, அணைஞ்சிடும்.”

தாண்டினேன். அணைந்தது. அந்த வாரம் முழுக்க வண்டி தங்கம். தூத்துக்குடியின் எல்லாத் தெருவிலும் ஒருமுறை போய் விளக்கு அணைந்திருப்பதைக் காட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தது. ஆறரைக்கு என் கடமையை முடித்தேன். கிளாடிஸ் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். விளக்கு அணையவில்லை! ஏழேகால் ஆகிவிட்டது. மேசை இழுப்பறையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் இருந்தது. கடுகளவு, சத்தியமாகக் கடுகளவுதான், கத்தரித்து விளக்கின்மேல் ஒட்டினேன். எவ்வளவு அழகாக மறைந்தது தெரியுமா? அந்த இடத்தில் விளக்கு இருந்ததை விளக்கே மறந்திருக்கும்.

கிளாடிஸ் ஏறினாள். சாவி போட்டேன்.

“என்ன, எரியவே இல்ல?” என்றாள்.

“சரியாயிட்டுல்லா.”

“சாவி போட்டதும் எரியணும், நகந்தாத்தான் அணையணும். அந்தப் புள்ள சொன்னுச்சே. மொதல்ல எரியாத லைட்டு எப்படி அணையும்?”

என் தோளுக்கு மேலாகக் கை நீண்டு வந்தது. சிப்பியைப் பிளக்கிற மாதிரி நகத்தால் ஒரு நெம்பு. டேப் உரிந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் விளக்கு, ‘நான் இங்கேதான் இருக்கேன் அக்கா’ என்று எட்டிப் பார்த்தது.

கிளாடிஸ் அந்தக் கடுகளவு டேப்பை என் சட்டைப் பையின்மேல் ஒட்டினாள், பதக்கம் குத்துகிற மாதிரி. பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

“அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகும்போது லைட்டு அணையணும். அணையலன்னா ஃபிராங்க்ளின் வந்து வண்டிய எடுத்துட்டுப் போவட்டும். அவனுக்கு என்ன, பொண்டாட்டி கெடையாது, பின்னால ஏற ஆளில்ல. இன்னொண்ணு. அணைஞ்சிட்டுன்னு நீரு சொன்னா நம்ப மாட்டேன். என் கண்ணு பாக்கணும்.”

ஃபிராங்க்ளின் அவள் தம்பி, புன்னைக்காயல்காரன். வண்டி வாங்கிய நாளிலிருந்தே அதைப் பார்க்கும்போதெல்லாம், பொரித்த வஞ்சிர மீனைப் பார்க்கிற மாதிரி எச்சில் விழுங்குவான். அன்று மத்தியானமே போன் செய்தான்.

“மச்சான், புது ஹெல்மெட்டு வாங்கிட்டேன். செவப்புதான். வண்டிக்கு மேட்சா இருக்கும்லா?”

“ஏலே, இன்னும் ஒரு வாரம் இருக்கு.”

“அதுக்குள்ள செயினுக்கு ஆயில் போட்டு வைங்க மச்சான். காஞ்சு கெடக்கு.”

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் போட்டதெல்லாம் காலியானது. அது வேறு விஷயம். வண்டி போனால் நான் மறுபடியும் கயிற்றில் கட்டிய டக்தான். வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிற பஸ்ஸுக்குக் கையாட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

ஜெஸ்லின் இந்த முறை வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாள். சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தாள். வயரை நுனியிலிருந்து அடி வரை தடவிப் பார்த்தாள். பேட்டரி, ஃபியூஸ், பிரேக் ஆயில், எல்லாம் சரி. பட்டறையில் நின்ற இதே மாதிரி இன்னொரு வண்டியின் சென்சாரைக் கழற்றி இதில் மாட்டினாள். இதில் இருந்ததை அதில் மாட்டி, பிழைக் குறியையும் அழித்தாள். இரண்டு வண்டியும் சிட்டாக ஓடின. இரண்டிலும் விளக்கு அணைந்தது.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“மாமா, வண்டியில ஒரு கொறையும் இல்ல.”

“அப்ப ஞாயித்துக்கெழம மட்டும் ஏன் எரியுது?”

“அதத்தான் நானும் கேக்கேன். ஆறு நாளும் நல்லா இருந்துட்டு ஏழாம் நாள் காய்ச்சல் வந்தா, ஏழாம் நாளுதான் வந்து நாடி பாக்கணும். ஞாயித்துக்கெழம ஆறு மணிக்கு நானே வாரேன். அது வரைக்கும் வண்டிய ஒண்ணும் செஞ்சிராதீங்க.”

“நான் என்னைக்குளா ஒண்ணு செஞ்சேன்?”

மூன்றாம் ஞாயிறு. கோழி கூவுமுன் ஃபிராங்க்ளின் வந்துவிட்டான், ஒரு கையில் சிவப்பு ஹெல்மெட், இன்னொரு கையில் பை நிறைய ஊளி மீன். மீன் வந்துவிட்டதால் கிளாடிஸ் அன்று கறிக்கடைக்குப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து மீனை ஆய்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு ஜெஸ்லின் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஸ்கேனரை மாட்டினாள்.

“கோடு ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு” என்றாள்.

“பின்ன என்ன, கெளம்புவோமே!” என்றேன்.

“பூசைக்கு இன்னும் நேரம் கெடக்கு மாமா. வழக்கமா இந்நேரம் என்ன செய்வீங்களோ, அதச் செய்யுங்க. நான் இங்கன உக்காந்திருக்கேன்.”

“வழக்கமா ஒண்ணும் செய்ய மாட்டேன்.”

சொல்லும்போதே உள்ளே சுவர்க் கடிகாரத்தில் ஆறரை அடித்தது. என்னைக் கேட்காமலே என் கால் நடந்தது. முப்பத்தாறு வருடப் பழக்கம் பாருங்கள்! ஸ்டாண்டை இழுத்துவந்து, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, சாவி போட்டு, கியரைத் தட்டினேன். சக்கரம் சுழன்றது. எஞ்சின் பாடியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேப்டன் மாதிரி நின்றேன்.

“மாமா!” என்று கத்தினாள் ஜெஸ்லின். “ஒண்ணும் செய்ய மாட்டேன்னீங்க?”

“இது செய்யுததா? இது ஞாயித்துக்கெழம!”

ஜெஸ்லின் ஸ்கேனரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி ஸ்கேனரைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்த சிரிப்பில் துறைமுகத்தில் இரண்டு கப்பல் நங்கூரத்தை எடுத்திருக்கும்.

“பின் சக்கரம் முப்பத்தாறு கிலோமீட்டர் வேகத்துல போவுது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். “முன் சக்கரம் சைபர். மாமா, நீங்க முப்பத்தாறு வருசம் டக்குல இருந்தீங்கள்லா? அதுக்குப் பின்னால ஒரு புரொப்பல்லர், முன்னால ஒரு புரொப்பல்லர்னு வச்சிக்கிடுங்க. படகு முழு வேகத்துல போவுதுன்னு பின்னால உள்ளது சொல்லுது. முன்னால உள்ளது அசையவே இல்ல. நீங்க நோட்டுல என்ன எழுதுவீங்க?”

“முன்னால உள்ளது ரிப்பேருன்னு எழுதுவேன்.”

“அதத்தான் உங்க வண்டியும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எழுதிட்டிருக்கு!”

அவள் சொல்லி முடிக்கவும் ஸ்கேனர் கீச்சென்றது. முன் சக்கரத்திலிருந்து வேகம் வரவில்லை. அதே கோடு.

வாசற்படியில் மீன் ஆய்கிற சத்தம் நின்றிருந்தது. கிளாடிஸ் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்ப வண்டிக்குக் கோளாறு இல்ல.”

“இல்ல அத்தை. தூத்துக்குடியிலயே புத்தியுள்ள வண்டி இதுதான்.”

“கோளாறு இவருக்குத்தான்.”

“அதுக்கு என்கிட்ட ஸ்கேனர் இல்ல அத்தை.”

ஃபிராங்க்ளின் ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். “அக்கா, அதெல்லாம் சரி. லைட்டு எரியுதா இல்லியா? பேச்சு பேச்சா இருக்கணும்.”

நான் சக்கரத்தை நிறுத்தினேன். வண்டியைத் தரையில் இறக்கினேன். ஜெஸ்லின் பிழைக் குறியை அழித்தாள். சாவி போட்டேன். விளக்கு எரிந்தது.

“எரியுது! அக்கா, எரியுது!” ஃபிராங்க்ளின் குதித்தான். கல்யாணம் ஆகாததற்கு இந்தப் புத்திதான் காரணம் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

“ரெண்டு சக்கரமும் உருண்டாத்தான் அணையும்லே” என்றேன். “கிளாடிசு, நீ இங்கனயே நில்லு. நான் தெருமுனை வரைக்கும் ஓட்டி, அணைஞ்சதும் வந்து சொல்லுதேன்.”

“டேப்பு ஒட்டுன கைதான அது?”

கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

“நான் வேணா ஓட்டிக் காட்டட்டுமா அத்தை?” என்றாள் ஜெஸ்லின்.

“நீ ஓட்டுனா அணைஞ்சிரும். நாளைக்கு இவரு ஓட்டும்போது எரிஞ்சா, உன் பின்னாலயா நான் பூசைக்கு வருவேன்?”

அங்கேதான் முடிச்சு விழுந்தது. முன்பு, நகர்ந்ததும் அணைந்துவிடும் என்று நம்பி கிளாடிஸ் ஏறினாள். இப்போது விளக்கு அணைந்தால்தான் ஏறுவாள். ஓடினால்தான் விளக்கு அணையும். அணைந்ததைத் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். கடுகளவு டேப் ஒட்டி நானே என் வாயை அடைத்துக்கொண்டேன். ஒரே வழிதான் இருந்தது: எரிகிற விளக்கோடு அவள் ஏறவேண்டும். கல்யாண நாளன்று அவளை உப்பில் போட்டவன் பின்னால்.

கிளாடிஸ் எழுந்து உள்ளே போனாள். போனவள் போனவள்தான். ஃபிராங்க்ளின் வண்டியின் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

அவள் சேலை மாற்றி, கையில் ஜெபமாலையோடு வந்தாள். நேரே ஃபிராங்க்ளினிடம் போய் ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, அது என் ஹெல்மெட்டு...”

“சும்மா கெடலே. அந்த மீன ஆஞ்சு வை.”

ஏறி உட்கார்ந்தாள். என் தோளைப் பிடித்தாள். அது பிடி இல்லை, இடுக்கி.

“மெல்லப் போம்.”

மெல்லப் போனேன். எவ்வளவு மெல்ல என்றால், தெருவில் மேய்ந்த கோழி எங்களை முந்திக்கொண்டு போனது. ஞானபாய் டீச்சர் வீட்டைத் தாண்டினோம். விளக்கு எரிந்தது. அடுத்த வீட்டைத் தாண்டினோம். எரிந்தது.

“அணையலியே” என்றாள் காதருகே.

“மாமா, பத்தத் தாண்டணும்! பத்து!” என்று பின்னாலிருந்து ஜெஸ்லின் ஓடிவந்து கத்தினாள். அவளும் எங்களை முந்திவிடும் வேகத்தில்தான் வந்தாள்.

“கொஞ்சம் முறுக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“மெல்லப் போம்ங்கேன்!”

“மெல்லப் போனா எரிஞ்சிக்கிட்டே இருக்கும் கிளாடிசு.”

மீட்டரில் ஆறு. ஏழு. மறுபடி ஆறு. தெருமுனை தெரிந்தது. அங்கே ஆட்டோ ஸ்டாண்டு. ஒரு ஆட்டோக்காரர் என் மனைவியை அடையாளம் கண்டு, ‘வாங்க’ என்று எஞ்சினைக்கூட ஸ்டார்ட் செய்துவிட்டார். கேட்காமலே முறுக்கியிருக்கலாம். என் மணிக்கட்டுக்குத் தெரியாதா? ஆனால் டேப் ஒட்டிய கைக்கு அன்று அந்தத் தைரியம் வரவில்லை.

மூன்று வீடு மிச்சம். இரண்டு வீடு. தோளில் இருந்த இடுக்கி கொஞ்சம் தளர்ந்தது.

“சரி” என்றாள் கிளாடிஸ். “போம்.”

முறுக்கினேன். எட்டு, பத்து, பன்னிரண்டு. விளக்கு அணைந்தது. யாரோ ஊதி அணைத்த மாதிரி.

ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கோயில் வாசலுக்கே வந்துவிட்டோம். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, என் கையில் கொடுத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றாள். வண்டியைச் சொன்னாளா, ஹெல்மெட்டைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஆத்தூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். “அங்கன வேண்டாம். உப்பளத்து ரோட்டுக்கு விடும்” என்றாள்.

உப்பளங்களுக்கு நடுவே ரோடு வெறிச்சென்று கிடந்தது. இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று. முன்னும் பின்னும் ஆளில்லை, வண்டியில்லை, நாயும் இல்லை. ஓரிடத்தில் லாரி சிந்திய உப்பு, தார்மேல் சரசரவென்று பரவியிருந்தது.

“இங்கனதான்” என்றாள் கிளாடிஸ்.

“எது?”

“என்னையப் போட்ட இடம். திருப்பிக்கிட்டு வாரும். வந்து, இங்கன பிரேக் அடியும்.”

“கிளாடிசு...”

“அடியும்ங்கேன். பாப்போம், அந்த ஷோரூம் புள்ள சொன்னது நெசந்தானான்னு.”

திரும்பி வந்தேன். முப்பது வேகம். உப்பின்மேல் வந்ததும் இரண்டு பிரேக்கையும் ஒரே அழுத்து. விரலுக்குள் பிரேக் லீவர் குறுகுறுவென்று துடித்தது, கையில் பிடித்த இறால் துள்ளுகிற மாதிரி. சக்கரம் பூட்டவில்லை. வழுக்கவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக வந்து நின்றது. நான் வண்டியில் இருந்தேன். கிளாடிஸ் வண்டியில் இருந்தாள். சேலையில் ஒரு உப்புக்கல் இல்லை.

அவள் திரும்பி அந்தப் பாத்தியைப் பார்த்தாள்.

“ம்” என்றாள். அப்புறம் என் முதுகில் தட்டினாள். “இன்னொரு தரம்.”

நாற்பது தரம் அடித்தோம். சரி, ஏழு தரம். ஏழாவது தரம் அவள் சிரித்த சிரிப்பு உப்பளம் முழுக்கக் கேட்டது. அதில் ஒரு சொட்டு மிகையில்லை. உப்பு அள்ள வந்த இரண்டு பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கிழடு தட்டியும் இதுகளுக்கு என்ன வந்தது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பும்போது கிளாடிஸ் சட்டம் போட்டாள். “இனிமே வண்டிய நிக்க வச்சுச் சுத்தவிடாதேயும். சுத்தணும்னா ரெண்டு சக்கரமும் சுத்தட்டும். நானும் கூட வாரேன்.”

வீட்டில் ஃபிராங்க்ளின் மீனை ஆய்ந்து, குழம்பும் வைத்திருந்தான். நல்ல குழம்பு. சாப்பிட்டுவிட்டு, வெறுந்தலையோடு புன்னைக்காயலுக்குப் பஸ் ஏறினான். ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தான். அக்காள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். யானையை நிறுத்தலாம் என்றேனே அந்த ஸ்டாண்டு, அதன்மேல் இப்போது கிளாடிஸின் குரோட்டன்ஸ் தொட்டி இருக்கிறது. இரண்டும் ஒரு இஞ்சுகூட நகரவில்லை. நாங்கள் போன ஞாயிறு நாகர்கோவில் வரை போய்விட்டு வந்தோம். காப்பி சுமார்தான்.